பேசாப் பிழைகள்

சி மொழியில் நிரல் எழுதக் கற்கும் மாணவர், முதல் நாளில் ஒரு வாழ்த்துத் தொடரைத் திரையில் வரவழைத்து மகிழ்கிறார். இரண்டாம் வாரத்தில் ஐந்து பாடங்களின் மதிப்பெண்களைக் கூட்டிச் சராசரி காண்கிறார். மூன்றாம் வாரத்தில் அவரது நிரல் இயங்க மறுக்கிறது. அல்லது இயங்கித் தவறான விடையைத் தருகிறது. எங்கே பிழை என்று அவருக்குத் தெரிவதில்லை. நிரலில் இங்கொன்றும் அங்கொன்றுமாக எதையாவது மாற்றிப் பார்க்கிறார், பிழை இரண்டாகிறது. 'இந்தப் பாடம் எனக்கு வராது' என்னும் முடிவுக்குப் பலர் வருவது இந்த மூன்றாம் வாரத்தில்தான். அறிவுக் குறைவு இதற்குக் காரணமன்று. பிழையைத் தேடுவதற்கென்று ஒரு முறை உண்டென்பதை எவரும் அவர்களுக்குச் சொல்லித் தருவதில்லை. நிரல் எழுதுதல் ஒரு திறன். எழுதிய நிரலில் பிழை காணுதல் வேறொரு திறன். இரண்டாவதைத் தனியே பயில வேண்டும்.

நம்பிக்கை வைக்கும் மொழி

சி மொழி பிறந்த இடம் அமெரிக்காவிலுள்ள பெல் ஆய்வகம். அங்குப் பணியாற்றிய டென்னிஸ் ரிட்சி 1972ஆம் ஆண்டளவில் இதற்கு உருவம் தந்தார். கென் தாம்சன் உருவாக்கிய 'பி' என்னும் மொழி இதற்கு முன்னோடி; பெயரும் அவ்வரிசையில் அடுத்த எழுத்தாக அமைந்தது. 1973இல் யூனிக்ஸ் இயக்க அமைப்பின் கருப்பகுதி சி மொழியில் திருத்தி எழுதப்பட்டது. அக்காலக் கணினிகளின் நினைவகம், இன்று கையில் கட்டும் திறன்கடிகாரத்தின் நினைவகத்தைவிடப் பன்மடங்கு சிறிது. எனவே, நிரல் இயங்கும்பொழுது ஒவ்வொரு செயலையும் சரிபார்த்துக்கொண்டிருக்கும் வசதியை மொழியில் சேர்க்க இடமில்லை. நிரலர் தாம் செய்வதை அறிந்தே செய்கிறார் என்று சி மொழி நம்புகிறது. ஐந்து இடங்களே உள்ள அணியில் பத்தாம் இடத்தைக் கேட்டாலும் அது தடுப்பதில்லை.

இந்த நம்பிக்கையே அதன் வேகத்துக்குக் காரணம். தொடக்கநிலையில் இருப்போர் படும் துன்பத்துக்கும் இதுவே காரணம். பின்வந்த மொழிகள் பல, தவறு நேர்ந்தவுடன் நிரலை நிறுத்திக் காரணம் சொல்கின்றன. சி மொழியோ பல இடங்களில் பேசாமல் இருந்துவிடுகிறது.

பேசும் பிழைகள்

நிரல்பெயர்ப்பி கண்டு சொல்லும் பிழைகள் எளியவை. தொடரியல் விதி மீறப்பட்டால் நிரல்பெயர்ப்பி வரி எண்ணுடன் செய்தி தருகிறது. ஆயினும் அச்செய்தியைப் படிக்கும் முறையை அறிந்திருத்தல் வேண்டும்.

ஏழாம் வரியின் இறுதியில் அரைப்புள்ளி விடுபட்டதெனக் கொள்வோம். நிரல்பெயர்ப்பிகள் சில எட்டாம் வரியில் பிழை என்கின்றன. மாணவர் எட்டாம் வரியைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார். அதில் குறையொன்றும் தென்படுவதில்லை. ஏழாம் வரி முடியவில்லை என்பதை, எட்டாம் வரியின் முதற்சொல்லைப் படித்த பிறகே நிரல்பெயர்ப்பி உணர முடியும். ஆதலின், சுட்டப்பட்ட வரியில் பிழை இல்லையெனில் அதற்கு முந்தைய வரியைப் பார்ப்பது பயன் தரும்.

முப்பது, நாற்பது பிழைச்செய்திகள் ஒருங்கே திரையில் வந்து நிற்பதும் உண்டு. அவற்றைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. நெளிவு அடைப்புக்குறி ஒன்று விடுபட்டாலே போதும்; அதன்பின் உள்ள அனைத்தும் நிரல்பெயர்ப்பிக்குப் புரியாமற் போகும். முதற்செய்தியை மட்டும் படித்து, அதனை மட்டும் திருத்தி, நிரலை மீண்டும் பெயர்க்க வேண்டும். எஞ்சிய செய்திகளில் பெரும்பகுதி தாமே மறைந்துவிடும். கடைசிச் செய்தியே திரையில் கண்ணெதிரே நிற்பதால், மாணவர் பலர் அதிலிருந்து தொடங்குகின்றனர். இது நேரத்தை வீணாக்கும் பழக்கம்.

பிழைச்செய்தி வேறு, எச்சரிக்கை வேறு. எச்சரிக்கை வந்தாலும் நிரல் இயங்கும். அதனால் அதனைப் பொருட்படுத்தாமல் விடுவோர் மிகுதி. 'இம்மாறிக்கு மதிப்புக் கொடுக்கும் முன்பே அதனைப் பயன்படுத்துகின்றீர்' என்று நிரல்பெயர்ப்பி எச்சரித்தால், அது மெய்யாகவே பெரிய உதவி. செயற்கூற்றினுள் அறிவிக்கப்படும் மாறிக்குச் சி மொழி தானாகச் சுழியத்தைத் தருவதில்லை. நினைவகத்தின் அந்த இடத்தில் முன்பு எஞ்சிக் கிடந்த ஏதோ ஒரு மதிப்பு அதில் இருக்கும். கூட்டுத்தொகைக்கான மாறியைச் சுழியத்தில் தொடங்காத நிரல், ஒரு கணினியில் சரியான விடையையும் மற்றொரு கணினியில் பொருளற்ற எண்ணையும் தருவது இதனால்தான். எச்சரிக்கைகள் அனைத்தையும் காட்டுமாறு நிரல்பெயர்ப்பிக்குக் கட்டளையிட்டுக்கொண்டு எழுதப் பழகுவது நலம்.

விடை வருகிறது, ஆனால் தவறு

இனிக் காணவிருப்பவை நிரல்பெயர்ப்பியின் கண்ணுக்குத் தப்பும் பிழைகள். இவையே மிகுந்த தொல்லை தருபவை.

ஃபாரன்ஹீட் வெப்பநிலையைச் செல்சியசாக மாற்றும் நிரலை ஒவ்வொரு மாணவரும் எழுதுகிறார். 32ஐக் கழித்து, ஒன்பதில் ஐந்து பங்கால் பெருக்க வேண்டும் என்பது வாய்பாடு. மாணவர் அதனைப் பாடநூலில் உள்ளவாறே 5/9 * (98.6 - 32) என்று எழுதுகிறார். விடை 37 என்று வர வேண்டும். வருவதோ 0. எந்த வெப்பநிலையைக் கொடுத்தாலும் 0. வாய்பாடு சரி, கணிதமும் சரி. தவறு எங்கே?

சி மொழியில் 5, 9 ஆகிய இரண்டும் முழு எண்கள். முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் ஈவு மட்டுமே கிடைக்கும், பின்னப்பகுதி நீக்கப்படும். ஐந்தை ஒன்பதால் வகுக்க ஈவு சுழியம். சுழியத்தால் எதனைப் பெருக்கினாலும் சுழியமே. 5.0/9 என்று ஒரே ஒரு புள்ளியைச் சேர்த்தால் வகுத்தல் பின்ன வகுத்தலாகிறது; விடை 37 என வருகிறது. ஐந்து பாடங்களில் 437 மதிப்பெண் பெற்றவரின் சராசரி 87.4. நிரல் 87 என்று காட்டுமாயின் அங்கும் இதே பிழை நிகழ்ந்திருக்கிறது. சராசரியைச் சேமிக்கும் மாறியைப் பின்ன எண் வகையாக அறிவித்துவிட்டோமே என்று மாணவர் வியப்பார். வகுத்தல் முடிந்த பிறகே விடை அம்மாறிக்குச் செல்கிறது, அதற்குள் 0.4 தொலைந்துவிட்டது.

தொடர்பெருக்கம் காணும் நிரலில் வேறு வகைப் பிழை மறைந்திருக்கும். 12 வரை பெருக்கினால் 479001600. இது சரியான விடை. 13 வரை பெருக்கினால் 6227020800 வர வேண்டும். ஆனால், இன்றைய கணினிகளில் இயல்பான முழு எண் வகைக்கு 32 பிட் இடமே உண்டு; அது தாங்கும் மிகப்பெரிய எண் 2147483647. அதனை மீறியவுடன் திரையில் பெரும்பாலும் 1932053504 என்று ஓர் எண் தோன்றும். இவ்வெண்ணைப் பார்த்தால் ஐயம் எழாது. பெரிதாகவும் நேர் எண்ணாகவும் இருக்கிறது. ஆயினும் சற்றே எண்ணிப் பார்த்தால் பொய் வெளிப்படும். 13 வரையிலான பெருக்கத்தில் ஐந்தும் பத்தும் உள்ளன. உடன் இரண்டும் உள்ளது. எனவே, விடை இரண்டு சுழியங்களிலேனும் முடிந்தாக வேண்டும். 504இல் முடியும் எண் விடையாக இருக்க முடியாது. கணினி தந்ததாலேயே ஒரு விடை சரியாகிவிடாது. விடையின் தன்மையை முன்கூட்டியே அறிந்திருப்பவரால்தான் அதனை மறுக்க இயலும்.

பின்னங்களிலும் ஒரு நுட்பம் உண்டு. கணினி எண்களை இரும முறையில் சேமிக்கிறது. பத்தில் ஒரு பங்கை இருமத்தில் முற்றாக எழுத முடியாது. மூன்றில் ஒரு பங்கைப் பதின்ம முறையில் 0.333 என்று முடிவின்றி எழுத நேர்வதைப் போன்றது இது. 0.1ஐப் பத்து முறை கூட்டினால், இரட்டைத் துல்லிய வகையில் கிடைப்பது ஒன்றுக்கு மிகச் சற்றே குறைந்த எண். 'கூட்டுத்தொகை ஒன்றாகும் வரை சுழல்க' என்று எழுதப்பட்ட மடக்கு அதனால் நிற்பதே இல்லை. பின்ன எண்கள் இரண்டு சமமா என்று கேட்பதைவிட, அவற்றுக்கிடையேயான வேறுபாடு மிகச் சிறியதா என்று கேட்பதே முறை.

ஒரு குறி குறைந்தால்

ஒற்றைச் சமக்குறியான '=' மதிப்பிருத்தும் செயற்குறி. இரட்டைச் சமக்குறியான '==' ஒப்பிடும் செயற்குறி. கணித வகுப்பில் இரண்டுக்கும் ஒரே குறி பழகிய கை, நிபந்தனை எழுதும்பொழுதும் ஒற்றைக் குறியையே எழுதிவிடுகிறது. 'வயது 18ஆக இருந்தால்' என்று கேட்க எண்ணியவர், 'வயதை 18ஆக்கு' என்று கட்டளையிட்டுவிடுகிறார். அம்மதிப்பிருத்தலின் விளைவு 18. சுழியமல்லாத எதுவும் சி மொழியில் மெய். ஆகவே, அந்நிபந்தனை எப்பொழுதும் மெய்யாகிறது. அத்துடன் அனைவரது வயதும் பதினெட்டாகிறது.

இச்சிறு குறியை வேண்டுமென்றே குறைத்து எழுதிய நிகழ்வு ஒன்று உண்டு. 2003ஆம் ஆண்டு நவம்பரில், லினக்ஸ் இயக்க அமைப்பின் கருப்பகுதியைச் சேமித்து வைத்திருந்த நகல் களஞ்சியம் ஒன்றில் யாரோ இரண்டு வரிகளைச் சேர்த்திருந்தனர். மேலோட்டமாகப் பார்த்தால் அது வழக்கமான சரிபார்ப்பு. பயனரின் எண் சுழியமாக இருந்தால் பிழையெனத் தெரிவிப்பது போன்ற தோற்றம். ஆனால், அங்கே இரட்டைக் குறிக்கு மாறாக ஒற்றைக் குறி இருந்தது. லினக்ஸில் சுழியம் என்னும் எண் முழு அதிகாரம் பெற்ற தலைமைப் பயனருக்கு உரியது. எனவே, அவ்வரி இயங்கியவுடன், அதனை இயக்கிய எவரும் தலைமைப் பயனராகிவிடுவார். மதிப்பிருத்தலின் விளைவு சுழியமாதலால் நிபந்தனை பொய்யாகி, பிழைச்செய்தியும் வெளிவராது. நகலில் உள்ள அம்மாற்றத்துக்கு மூலக் களஞ்சியத்தில் பதிவு இல்லாததைக் கண்டு, பொறுப்பாளர்கள் அதனை நீக்கினர். மூலக் கருப்பகுதியினுள் அது நுழையவே இல்லை. மாணவர் கவனக்குறைவால் விடும் குறியும், அங்குத் தீய எண்ணத்தோடு விடப்பட்ட குறியும் ஒன்றே.

அரைப்புள்ளியைக் கூடுதலாக இடுவதும் தீங்கே. 'வைல்' என்னும் மடக்கின் நிபந்தனையை அடுத்து அரைப்புள்ளி வைத்தால், மடக்கின் உடல் வெறுமையாகிவிடும். நிபந்தனை மெய்யாக உள்ளவரை கணினி ஒன்றும் செய்யாமல் சுழன்றுகொண்டே இருக்கும். திரை உறைந்தது போலத் தோன்றும். அதனை அடுத்துள்ள நெளிவு அடைப்புக்குறிகளுக்கும் மடக்குக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை.

'பிரேக்' என்னும் சிறப்புச்சொல்லைப் பற்றியும் இங்கே கூற வேண்டும். அது மடக்கிலிருந்தோ 'ஸ்விட்ச்' கூற்றிலிருந்தோ வெளியேறப் பயன்படுவது. 'இஃப்' கூற்றிலிருந்து வெளியேற அது பயன்படாது. இவ்வேறுபாட்டை மறந்ததன் விலையை ஒரு நாடே கண்டது. 1990ஆம் ஆண்டு சனவரி 15ஆம் நாள், அமெரிக்காவின் ஏ.டி. அண்ட் டி. நிறுவனத்தின் நெடுந்தொலைவுத் தொலைபேசி வலையமைப்பு ஏறத்தாழ ஒன்பது மணிநேரம் நிலைகுலைந்தது. அழைப்புகளை இணைக்கும் 114 நிலையங்களில் ஓடிய மென்பொருள் சி மொழியில் எழுதப்பட்டது. சில வாரங்களுக்கு முன்புதான் அது புதுப்பிக்கப்பட்டிருந்தது. அப்புதிய பகுதியில், 'ஸ்விட்ச்' கூற்றினுள் இருந்த ஓர் 'இஃப்' பகுதிக்குள் 'பிரேக்' எழுதப்பட்டிருந்தது. 'இஃப்' பகுதியை மட்டும் விட்டு வெளியேறுவது எழுதியவரின் எண்ணம்; மொழியோ 'ஸ்விட்ச்' முழுவதையும் விட்டு வெளியேறியது. செய்யப்பட்டிருக்க வேண்டிய வேலை விடுபட்டது, தரவு சிதைந்தது. பிழையை உணர்ந்த நிலையம் தன்னை நிறுத்திக்கொண்டு மீண்டும் இயங்கத் தொடங்கியது. அச்செய்தியை அண்டை நிலையங்களுக்கு அனுப்பியது. அச்செய்திகள் நெருக்கமாக வந்து சேர்ந்தபொழுது அந்நிலையங்களும் அதே வரியில் தடுக்கி விழுந்தன. ஒன்று எழ மற்றொன்று விழ, நாள் முழுவதும் இவ்வாறே தொடர்ந்தது. அந்நிரலை எழுதியோர் தொடக்கநிலை மாணவர் அல்லர். நிரலும் பலமுறை சோதிக்கப்பட்டது.

உள்ளீட்டில் நேர்வன

பயனர் தட்டச்சிடும் மதிப்பைப் பெற 'ஸ்கேன்எஃப்' செயற்கூறு பயன்படுகிறது. மாறியின் பெயருக்கு முன் '&' குறி இட வேண்டும்; அக்குறி மாறியின் முகவரியைத் தருகிறது. குறியை விட்டுவிட்டால், மாறியில் உள்ள மதிப்பையே முகவரியெனக் கருதி, நினைவகத்தின் எங்கோ ஓர் இடத்தில் எழுத நிரல் முயல்கிறது. பெரும்பாலும் இயக்க அமைப்பு நிரலை அங்கேயே நிறுத்திவிடும்.

மற்றொன்று மாணவரைப் பெரிதும் குழப்புவது. முதலில் வயதையும், அடுத்துப் பாலினத்தைக் குறிக்கும் ஓர் எழுத்தையும் நிரல் கேட்கிறது. வயதைத் தட்டி நுழைவு விசையை அழுத்தியவுடன், எழுத்துக்குக் காத்திராமல் நிரல் முடிந்துவிடுகிறது. நுழைவு விசையும் ஓர் எழுத்துருவே. எண்ணைப் படித்த பிறகு அது உள்ளீட்டில் எஞ்சி நிற்கிறது. அடுத்து ஓர் எழுத்தைக் கேட்ட நிரலுக்கு அதுவே கிடைத்துவிடுகிறது. வடிவக்குறியில் '%' குறிக்கு முன் ஓர் இடைவெளி விட்டால், எஞ்சிய வெற்றுக்குறிகளை 'ஸ்கேன்எஃப்' தாண்டிச் செல்லும்.

அணியின் எல்லை

ஐந்து மதிப்பெண்களுக்கான அணியில் இடங்கள் 0, 1, 2, 3, 4 என எண்ணப்படுகின்றன. ஐந்தாம் எண்ணுள்ள இடம் அதில் இல்லை. 1 முதல் 5 வரை சுழலும் மடக்கு முதல் மதிப்பெண்ணை விட்டுவிடுகிறது. இல்லாத இடத்தையும் தொடுகிறது. சுழியத்தில் தொடங்கி, ஐந்துக்குக் குறைவாக உள்ளவரை சுழல்வதே சி மொழியின் மரபு. சுழியத்தில் எண்ணத் தொடங்குவது ஏன் பொருத்தமானது என்பது குறித்து, நெதர்லாந்து நாட்டுக் கணினி அறிவியலறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1982இல் ஒரு குறிப்பே எழுதினார். இடைவெளியின் கீழெல்லையைச் சேர்த்து மேலெல்லையை விலக்கினால், இரண்டுக்குமான வேறுபாடே உறுப்புகளின் எண்ணிக்கையாகும் என்பது அவர் காட்டிய காரணங்களுள் ஒன்று.

எழுத்துகளின் அணியே சரம். ஒவ்வொரு சரத்தின் முடிவிலும் மதிப்புச் சுழியமான ஒரு பைட் இருக்கும். சரம் எங்கே முடிகிறது என்பதை அதுவே காட்டும். அதற்கும் இடம் ஒதுக்க வேண்டும். 'தமிழ்' என்னும் சொல்லைச் சேமிக்க எத்தனை பைட் வேண்டும்? மூன்று எழுத்துகள் என்பதால் மூன்று, முடிவுக்குறிக்கு ஒன்று, ஆக நான்கு என்று தோன்றலாம். யுனிகோடு முறையில் இச்சொல் த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகளால் அமைகிறது. யு.டி.எஃப்.-8 குறியேற்றத்தில் தமிழ்க்குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் தேவை. ஆக, பதினைந்து பைட், முடிவுக்குறியுடன் பதினாறு. சரத்தின் நீளத்தை அளக்கும் செயற்கூறு இச்சொல்லுக்கு 15 என்று விடை தருவது பிழையன்று. அது எண்ணுவது பைட்களை, எழுத்துகளை அன்று. தமிழில் உள்ளீடு பெறும் நிரலை எழுத விரும்பும் மாணவர் இதனை மறத்தல் கூடாது.

ஒதுக்கிய இடத்தைவிட நீண்ட சரம் வந்தால் என்னாகும்? பழைய 'கெட்ஸ்' செயற்கூறு அதனைக் கேட்பதே இல்லை. வந்த அனைத்தையும் வரிசையாக எழுதிக்கொண்டே செல்லும். அணியின் எல்லை தாண்டி, பக்கத்திலுள்ளவற்றை அழிக்கும். 1988ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள் இணையத்தில் பரவி, ஆயிரக்கணக்கான கணினிகளை முடக்கிய 'மோரிஸ் புழு' பயன்படுத்திய வழிகளுள் இதுவும் ஒன்று. 512 பைட் ஒதுக்கியிருந்த இடத்தில் அதனினும் நீண்ட செய்தியை அனுப்பி, அப்புழு உள்ளே புகுந்தது. 2011ஆம் ஆண்டின் சி மொழித் தரவரையறையிலிருந்து 'கெட்ஸ்' நீக்கப்பட்டுவிட்டது. பழைய நூல்களைப் பார்த்து எழுதும் மாணவர் இன்றும் அதனைப் பயன்படுத்துகின்றனர். இடத்தின் அளவையும் கேட்டுப் பெறும் 'எஃப்கெட்ஸ்' அதற்கு மாற்று.

நகலும் மூலமும்

இரண்டு மாறிகளின் மதிப்புகளை இடம் மாற்றும் செயற்கூறு ஒன்றை மாணவர் எழுதுகிறார். செயற்கூற்றினுள் அச்சிட்டுப் பார்த்தால் மதிப்புகள் மாறியுள்ளன. திரும்பி வந்து பார்த்தால் பழைய மதிப்புகளே உள்ளன. நகலெடுத்த தாளில் திருத்தினால் மூலத்தாள் திருந்தாது. சி மொழி செயற்கூற்றுக்கு மதிப்புகளின் நகலையே அனுப்புகிறது. மூலத்தைத் திருத்த வேண்டுமானால், அது இருக்கும் இடத்தின் முகவரியை அனுப்ப வேண்டும். அம்முகவரியை ஏந்தும் மாறியே சுட்டு. 'ஸ்கேன்எஃப்' செயற்கூற்றில் '&' குறி ஏன் தேவைப்பட்டது என்பதும் இங்கே விளங்கும்.

கையால் இயக்கிப் பார்த்தல்

பிழை இருப்பது தெரிகிறது, இடம் தெரியவில்லை. அந்நிலையில் தாளும் எழுதுகோலுமே சிறந்த கருவிகள். மாறிகளின் பெயர்களைத் தாளின் மேற்பகுதியில் எழுதி, கணினியின் இடத்தில் தம்மை வைத்து, ஒவ்வொரு வரியையும் மாணவர் தாமே இயக்கிப் பார்க்க வேண்டும். வரி என்ன சொல்ல வேண்டும் என்று எண்ணினோமோ அதனையன்று, அது உண்மையில் என்ன சொல்கிறதோ அதனையே செய்ய வேண்டும்.

மூன்று நாள்களின் வெப்பநிலைகளுள் மிகுதியானதைக் காணும் நிரல் ஒன்றைக் கொள்வோம். 'பெரிது' என்னும் மாறி சுழியத்தில் தொடங்குகிறது. ஒவ்வொரு மதிப்பும் அதனைவிடப் பெரிதாயின் அதன் இடத்தைப் பிடிக்கிறது. சென்னையின் 31, 34, 33 ஆகியவற்றுக்கு நிரல் 34 என்று சரியாகச் சொல்கிறது. லடாக்கின் குளிர்காலத்துக்குரிய -7, -3, -12 ஆகிய மதிப்புகளைக் கொடுத்தால் விடை 0. கையால் இயக்கினால் காரணம் உடனே தெரியும். -7 சுழியத்தைவிடப் பெரிதா? இல்லை. -3? இல்லை. -12? இல்லை. 'பெரிது' தொடக்கத்திலிருந்த சுழியத்திலேயே நிற்கிறது. அம்மூன்று நாள்களில் எந்நாளும் இல்லாத ஒரு வெப்பநிலை விடையாக வெளிவருகிறது. முதல் மதிப்பையே தொடக்கமாகக் கொண்டால் பிழை நீங்கும். சென்னை மதிப்புகளை மட்டும் கொடுத்துச் சோதித்தவர்க்கு இப்பிழை என்றும் தெரிந்திராது. எனவே, சோதனைக்குரிய மதிப்புகளைத் தேர்ந்தெடுக்கும்பொழுது எதிர் எண், சுழியம், ஒரே ஓர் உறுப்பு, எல்லா உறுப்புகளும் சமம் ஆகிய நிலைகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நிரல் நீளமாயின் முழுவதையும் கையால் இயக்குதல் இயலாது. அப்பொழுது நடுவில் ஓர் அச்சிடும் கூற்றைச் சேர்த்து, அவ்விடத்தில் மாறிகளின் மதிப்பு சரியா என்று பார்க்கலாம். சரியெனில் பிழை பிற்பாதியில், தவறெனில் முற்பாதியில். ஆயிரம் வரிகளும் பத்து முறை இவ்வாறு பாதியாக்கப்பட்டால் ஒரு வரியாகச் சுருங்கிவிடும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்ய வேண்டும். பயனற்ற மாற்றத்தை மீட்டுவிட்டே அடுத்ததைச் செய்ய வேண்டும்.

உதவுவோர்க்கு

ஆய்வகத்தில் தடுமாறும் நண்பருக்கு உதவ வருபவர் பெரும்பாலும் செய்வது ஒன்றே. விசைப்பலகையைத் தம் பக்கம் இழுத்து, இரண்டு விசைகளை அழுத்தி, 'இப்பொழுது பார்' என்கிறார். நிரல் இயங்குகிறது. தடுமாறியவர் நன்றி சொல்கிறார். எது பிழை, எவ்வாறு கண்டார் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. மறுநாள் அதே பிழையோடு மீண்டும் வந்து நிற்பார். இஃது உதவி போலத் தோன்றும் கெடுதி எனலாம்.

விசைப்பலகையைத் தொடாமல் உதவுவதே நல்லது. நிரல் என்ன செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கிறாய், என்ன செய்தது, எந்த மதிப்புகளைக் கொடுத்தாய் என்னும் மூன்று கேள்விகளே போதும். 'நிரல் வேலை செய்யவில்லை' என்பது இவற்றுள் எதற்கும் விடையாகாது. பிழைச்செய்தி வந்திருந்தால், அதனை நண்பரே வாய்விட்டுப் படிக்குமாறு சொல்ல வேண்டும்; கண்ணால் கண்டும் படிக்காமல் விட்ட செய்திகள் பல உண்டு. அதன்பின், நிரலை முதல் வரியிலிருந்து ஒவ்வொன்றாக அவரே விளக்கிச் சொல்லட்டும். உதவ வந்தவர் ஒரு சொல்லும் சொல்வதற்கு முன்பே, எட்டாம் வரியையோ பத்தாம் வரியையோ விளக்கும்பொழுது, நண்பரின் பேச்சு பாதியில் நின்றுவிடும். விரல் தானாகவே அந்த ஒற்றைச் சமக்குறியின் மீது போய் நிற்கும்.